சபீதா கல்யாணத்துக் கறித்துண்டு

பத்து பாகாட் ஊரில் நடந்த ஒரு கல்யாண விருந்தில், அண்ணனும் தம்பியும் ஒரே சஹனில் சாப்பிட உட்கார்ந்து, நெய்ச்சோற்றின் நடுவே எல்லைக்கோடு கிழித்துக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு சில மாதங்களாக ஜொகூரைச் சுற்றி வருகிறது. கெலாங் பாத்தாவில் நான் கேட்டபோது கோட்டை விரலால் கிழித்தார்கள். மூவாரில் கரண்டிக் காம்பால் கிழித்தார்கள். ஜொகூர் பாருவில் எனக்கு முகச்சவரம் செய்தவர், கோடெல்லாம் பழைய கதை, சோற்றுக்கு நடுவே பலகையையே நட்டார்கள் என்றார். செங்கால் மரப் பலகை என்று மரத்தின் பெயரையும் சொன்னார். கழுத்தில் கத்தி இருந்ததால் நான் மறுக்கவில்லை.

சஹன் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. காயல்பட்டினத்துக்காரர்களின் விருந்தில் ஆளுக்கொரு இலை கிடையாது. அகலமான ஒரு தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, நடுவில் கறியை வைத்துவிடுவார்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட வேண்டும். அந்தத் தட்டுதான் சஹன். பிடிக்காதவனோடு ஒரே வீட்டில் குடியிருந்துவிடலாம், ஒரே கப்பலில் ஒரு வாரம் வந்துவிடலாம். ஒரே சஹனில் உட்கார்வது வேறு. அவன் விரல் உங்கள் சோற்றில் இருக்கும்.

உண்மை தெரியாமல் எழுதினால் பாவம், தெரிந்து எழுதினால் பகை. பகையே மேல் என்று பஸ் ஏறினேன்.

கோடு கிழித்ததாகச் சொல்லப்படும் அண்ணன் அப்துல் ஹலீம். பத்து பாகாட் படகுத்துறைக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார். கோடு கிழித்ததாகச் சொல்லப்படும் தம்பி ருக்னுதீன். அவரும் படகுத்துறைக்கு எதிரே சாப்பாட்டுக்கடைதான் வைத்திருக்கிறார். இரண்டு கடைக்கும் ஒரே கூரை, ஒரே மாடி, ஒரே மீன் குழம்பு. நடுவில் மட்டும் ஒரு பலகைத் தடுப்பு. சவரக்காரரின் மரம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு அங்கே போனதும் விளங்கிவிட்டது.

கடை இவர்களுடைய வாப்பா வைத்தது. அவருக்குப் பிள்ளைகள் ஏழு பேர். ஹலீம் மூத்தவர். விவரம் தெரியாத வயதில் கப்பலேறி வந்து, கண்ணாடிக் குவளை கழுவி, மாவு பிசைந்து, தம்பி தங்கைகளை ஒவ்வொருவராகக் கரையேற்றியவர். ஒல்லியான ஆள். எப்போதும் யாரோ தன்னை ஏமாற்ற வருகிறார்கள் என்பதுபோல ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். அவரிடம் ஊரே பேசும் குணம் ஒன்று உண்டு. யாரிடமும் எதையும் பெற்றுக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். பக்கத்து மருந்துக்கடைச் சீனர் புதுவருடத்துக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினால், கொண்டுவந்த ஆள் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் மருந்துக்கடை மேசையில் பணியாரத் தட்டு உட்கார்ந்திருக்கும். ஒருமுறை மழையில் யாரோ இரக்கப்பட்டுக் குடை கொடுத்தார்களாம். குடையோடு வீடு வரை போனவர், மழை விடுவதற்குள் திரும்பி வந்து குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனார். சலாம் சொன்னால்கூட ஒரு சொல் கூட்டித்தான் பதில் சொல்வார். இதைப் பெருந்தன்மை என்று நினைப்பவர்கள் அவரிடம் ஒருநாள் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். தன்னைவிட ஒருவன் நல்லவனாக இருந்துவிடக் கூடாது என்ற கடுமையான பகை அது.

துரதிர்ஷ்டம், தம்பிக்கும் அதே குணம்.

சண்டை எதில் தொடங்கியது என்று விசாரித்தேன். வாப்பா கடைசியாகக் கண் விழித்த காலையில், அண்ணன் ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் கொண்டுபோனார். தம்பியும் ஒரு கோப்பை போட்டுக் கொண்டுபோனார். வாப்பா ஒன்றைக் குடித்தார், மற்றது ஆறிப்போனது. மறுநாள் அவர் மௌத்தாகிவிட்டார். எந்தக் கோப்பை ஆறிப்போனது என்பதுதான் சண்டை. ஏழு வருடமாக நடக்கிறது. இதில் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் கபரில் இருக்கிறார்.

அப்புறம் கடையைத் தடுத்தார்கள். கடையின் முன்பக்கத்தை இரவில் பலகைகளை வரிசையாக நிறுத்தி மூடுவது வழக்கம். பலகைகளைப் பங்கு வைத்தபோது ஒன்று மிஞ்சிவிட்டது. தடுப்புக்கு நேர் முன்னால் நிற்கும் நடுப்பலகை. அதை நான் ஏன் வைக்க வேண்டும் என்று அண்ணன் விட்டுவிடுவார். தம்பியும் விட்டுவிடுவார். மேல் மாடியிலிருந்து அவர்கள் உம்மா காதர் பீவி இறங்கி வந்து, தினமும் அந்தப் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் பொதுவாகத் திட்டிவிட்டுப் போவார். பத்து பாகாட்டில் பல பேர் அந்தத் திட்டைக் கேட்டுத்தான் தங்கள் கடையைச் சாத்துவார்களாம்.

இந்தச் சண்டையில் காய்ந்தது ஆறாவது பிள்ளை சபீதா. மூத்த அக்காமாரை வாப்பா இருந்தபோதே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். சபீதாவுக்கு வந்த முதல் சம்பந்தத்தை அண்ணன் நல்லது என்றார். ஆகவே தம்பி மறுத்தார். இரண்டாவதைத் தம்பி கொண்டுவந்தார். அது அண்ணன் கடை வாசலைத் தாண்டவே இல்லை. சபீதாவுக்கு இருபத்தாறு வயது ஆனது. அந்த வயதில் அவளுடைய அக்காவுக்கு நான்கு பிள்ளைகள்.

மூன்றாவதாக மூவாரிலிருந்து சுப்ஹான் லெப்பை வந்தார். கைலிக் கடைக்காரர், நல்ல பருமன், மெதுவாகப் பேசுகிறவர். மகனுக்குப் பெண் கேட்டு வந்தவர் எந்தப் பக்கம் நுழைவது என்று தெரியாமல் வாசலில் நின்றார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு நாற்காலி வந்தது. அவர் இரண்டிலும் உட்காரவில்லை. மாடிக்குப் போய்க் காதர் பீவியிடம் திரைக்கு இப்பால் நின்று சொன்னார்: "பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரே சஹன்ல உக்காந்து சாப்பிடாத அண்ணன் தம்பி வீட்டுல பொண்ணு எடுத்தா, நாளைக்கு என் மகன் எந்த மச்சான் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டுவான்? பகல் விருந்துல ரெண்டு பேரும் ஒரு சஹன்ல சாப்பிட்டு எந்திரிக்கட்டும். சாயங்காலம் அஸர் தொழுதுட்டு நிக்காஹ் வச்சுக்கலாம். இல்லேன்னா நாங்க பஸ் ஏறிக்கிறோம்."

காதர் பீவி அன்று மாலை நடுப்பலகையை வைக்க இறங்கி வந்தார். வைக்கவில்லை. அந்த இடைவெளியில் நின்றுகொண்டு இரண்டு கடைக்கும் கேட்கும்படி ஒரே பேச்சாகப் பேசினார்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. சபீதா விருந்துல நீங்க ஒரு சஹன். மாட்டேன்னா நான் அடுத்த கப்பல்ல ஊருக்குப் போறேன். என் மௌத்துக்கு ரெண்டு பேரும் ரெண்டு கப்பல்ல வந்து சேருங்க. எவன் கப்பல் முந்துச்சுன்னு அதுக்கும் ஏழு வருஷம் அடிச்சுக்கலாம்."

அண்ணன் சரி என்றார். தம்பி அதற்கு முன்பே சரி என்றுவிட்டதாக இன்றும் சொல்கிறார்.

விருந்தில் நடந்ததை எனக்குச் சொன்னவர் செய்யது மீரான். அன்று சமைத்த பண்டாரி, அதாவது விருந்துச் சமையல்காரர். அவருக்கு இரண்டு தரப்பிலும் வேலை கிடைப்பதால் இரண்டு தரப்பையும் சமமாக வெறுக்கும் வசதி உண்டு. நான் கேட்டதும் முதலில் தன் தலையில் அடித்துக்கொண்டார்.

தப்பு அவருடையதாம். சஹனுக்குப் பத்துத் துண்டு கறி என்பது அவர் கணக்கு. ஆளுக்கு ஐந்து, பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அன்று, "ஏழு வருஷம் கழிச்சு அண்ணன் தம்பி ஒண்ணா உக்கார்றாங்களேன்னு, ஆசையா ஒரு துண்டு கூட வச்சேன்லா. நெஞ்செலும்போட நல்ல துண்டு. அந்த ஆசைதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு."

பந்தலில் வரிசையாகச் சஹன்கள். மணமகளின் அண்ணன்மார் சஹனுக்கு அடுத்த சஹனில் சுப்ஹான் லெப்பை, கண்காணிக்க வசதியாக. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தார்கள். சஹனில் உட்கார்ந்தவர் நல்ல துண்டைத் தான் எடுக்காமல் எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. அண்ணன் ஒரு துண்டைத் தள்ளினார். தம்பி அதைத் தின்றுவிட்டு, உடனே ஒரு துண்டை அண்ணன் பக்கம் தள்ளினார். அண்ணன் தின்றார், தள்ளினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பேச்சு மட்டும் தேன். அவர்கள் வழக்கில் அண்ணன் என்றால் காக்கா.

"சாப்பிடு தம்பி."

"நீங்க சாப்பிடுங்க காக்கா. வயசாகுது, உடம்புல சத்து வேணும்."

"கறியைக் கடிக்கப் பல்லு வேணும் தம்பி. நீ சின்னவன்."

"உங்களுக்கா பல்லு இல்ல? நாக்குலயே இருக்கே."

சுப்ஹான் லெப்பை பேச்சைச் சரியாகக் கேட்கவில்லை. துண்டு போவதையும் வருவதையும்தான் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம், தன் தம்பி தனக்கு ஒரு எலும்பைக்கூடத் தள்ளியதில்லை என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாராம்.

ஆளுக்கு ஐந்து முடிந்தது. பதினொன்றாவது துண்டு நடுவில் நின்றது.

அதைத் தின்பவன் ஒரு துண்டு கூடுதலாகத் தின்றவன். கூடுதலாகத் தின்றவன் மற்றவனுக்குக் கடன்பட்டவன். அண்ணன் அதைத் தம்பி பக்கம் தள்ளினார். தம்பி திருப்பித் தள்ளினார். ஒரு வார்த்தையும் இல்லை இப்போது. சோற்றுக்குள் அந்தத் துண்டு போய் வந்து, போய் வந்து, குறுக்கே ஒரு வாய்க்கால் விழுந்துவிட்டது. வாய்க்காலில் நெய் இறங்கி மினுமினுத்தது. அடுத்த சஹன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊர் சொல்லும் எல்லைக்கோடு அதுதான். யாரும் கிழிக்கவில்லை. ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டதில் விழுந்த கோடு.

இன்னொரு சம்பிரதாயமும் இருக்கிறது. பந்தியில் ஒரு சஹன் முடியாதவரை மற்றவர்கள் எழக் கூடாது. எல்லாரும் முடித்த பிறகுதான் துஆ ஓதி, கை கழுவ எழுவார்கள். ஆகவே பந்தல் முழுவதும் கையில் நெய் காய உட்கார்ந்திருந்தது. ஈ வந்தது. மூவார்க்காரர்களுக்குக் கால் மரத்தது. சுப்ஹான் லெப்பையின் கண்ணீர் காய்ந்து, அந்த இடத்தில் சந்தேகம் வந்தது. என்ன, இன்னும் முடியலையா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். சஹனில் துண்டு இருந்தது. லெப்பை தன் ஆட்களைப் பார்த்து, கடைசி பஸ் எப்போது என்று விசாரித்தார்.

மீரான் பண்டாரி அந்தத் துண்டைத் தானே எடுத்துவிடலாம் என்று குனிந்தாராம். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் அவர் கையைத் தட்டிவிட்டார்கள். ஏழு வருடத்தில் சேர்ந்து செய்த ஒரே காரியம்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சபீதாவின் குரல். மணப்பெண் பேசக் கூடாது. அதுவும் ஆண்கள் பந்தலுக்குக் கேட்கும்படி பேசவே கூடாது. சபீதா நகையோடும் பூவோடும் உட்கார்ந்தபடியே பேசினாள்:

"காக்கா, அந்தத் துண்டை நானே வந்து தின்னுட்டுப் போகவா? எனக்கும் பசிக்குது. இருபத்தாறு வருஷமா உக்காந்திருக்கேன்."

பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்துல் ஹலீம் துண்டை எடுத்து வாயில் போட்டு, வேப்பிலை உருண்டையை விழுங்குவதுபோல விழுங்கினார். எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். துஆ ஓதினார்கள். பந்தல் எழுந்தது. அஸருக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. சபீதா அன்றே மூவார் போனாள். போகும்போது இரண்டு அண்ணன்மாரிடமும் ஒருசேர சலாம் சொன்னாளே தவிர, யார் முகத்தையும் தனியாகப் பார்க்கவில்லையாம்.

கை கழுவுமிடத்தில் ருக்னுதீன் தன் அண்ணனிடம் ஏழு வருடத்தில் முதல்முறையாக, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தானாக ஒரு வார்த்தை பேசினார்.

"காக்கா, என் துண்டு ஒண்ணு உங்க வயித்துல இருக்கு."

"தந்துடுறேன்," என்றார் அண்ணன்.

மீரானிடம் இவ்வளவையும் கேட்டுக்கொண்டு நான் ஹலீம் கடைக்குப் போனேன். யார் அனுப்பியது, அந்தப் பக்கமா என்று கேட்டார். பத்திரிகை என்றேன்.

"பத்திரிகைக்கு வேற பொணம் கிடைக்கலையா?"

தேநீர் கொண்டுவந்து வைத்தார். குடித்தால் இந்தப் பக்கத்து ஆள், குடிக்காவிட்டால் அந்தப் பக்கத்து ஆள். குடித்தேன். துண்டைப் பற்றிக் கேட்டதும் அவருடைய சுருங்கிய கண் இன்னும் சுருங்கியது. நான் எழுதப்போவதை எழுதிக்கொள்ளலாம், ஆனால் தான் யாருக்கும் கடன் வைத்துக்கொள்பவன் இல்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்றார். எழுதிவிட்டேன்.

கடனை அவர் அடைக்க முயலாமல் இல்லை. கல்யாணத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமையே ஜும்ஆ தொழுகை முடிந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், நெஞ்செலும்புத் துண்டு ஒன்றைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு அடுத்த கடை வாசலில் போய் நின்றார். கடனை ஆள் வைத்து அனுப்பக் கூடாதாம். தம்பி மூடியைத் திறந்து பார்த்தார், முகர்ந்தார், மூடினார்.

"சஹன்ல தின்னதைத் தட்டுல வாங்க மாட்டேன் காக்கா. சஹன்ல தாங்க."

சஹன் வேண்டுமென்றால் விருந்து வேண்டும். விருந்து வேண்டுமென்றால் கல்யாணம் வேண்டும். அந்த வீட்டில் கட்டிக்கொடுக்க மிச்சம் இருப்பது கடைசித் தங்கை ஆரிஃபா ஒருத்திதான்.

நான் ருக்னுதீன் கடைக்குள் நுழைந்தேன். அண்ணனைவிடச் சற்றுச் சதை போட்டவர், அதே சுருங்கிய கண். பக்கத்தில் தேநீர் குடித்துவிட்டு வந்தேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பரவாயில்லை, வாய் கொப்பளித்துவிட்டு வரும்படி குவளையில் தண்ணீர் கொடுத்தார். கொப்பளித்துவிட்டு வந்து, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்று விசாரித்தேன். நிறைய வருகிறதாம். ஒருவனுக்குக் கை நீளம். ஒருவனுக்கு மூக்கு சரியில்லை. பாசிர் கூடாங்கிலிருந்து வந்தவன் நல்ல பையன்தான், ஆனால் அவன் கொஞ்சம் அதிகமாகவே நல்ல பையனாகத் தெரிந்தானாம். எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணனோ எவன் வந்தாலும் சரி என்கிறார், காது கேளாத கிழவன் ஒருவனுக்குக்கூடச் சரி சொல்லிவிட்டார் என்று பல்லைக் காட்டினார்.

அந்தத் துண்டை மன்னித்து விட்டுவிடலாமே என்று நான் ஒரு நியாயம் பேசிப் பார்த்தேன்.

"எதுக்கு விடணும்? ஏழு வருஷமா என் வாசப்படியை மிதிக்காத மனுஷன். இப்ப வெள்ளிக்கு வெள்ளி வந்து நின்னு சலாம் சொல்றாரு. கடன்காரன்னா சலாம் சொல்லித்தானே ஆகணும்."

மாடிப்படியில் தொங்கிய திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஆரிஃபா அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள். பத்திரிகைக்காரரிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றாள். ருக்னுதீன் உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை.

"எழுதிக்குங்க. எங்க வீட்டுல என் கல்யாணத்தை யாரும் பேசல, கறியைத்தான் பேசுறாங்க. பெரிய காக்காவுக்கு நான் ஒரு சஹன். சின்ன காக்காவுக்கு நான் ஒரு பூட்டு. சபீதா ராத்தாவாவது கத்திட்டுப் போயிட்டா. நான் கத்துனா திரையைத் தடிமனாத் தைப்பாங்க."

ருக்னுதீன் அடுப்பில் கொதித்த தேநீர்த் தண்ணீரை இறக்கி வைத்தார். அதன் பிறகு எனக்குத் தேநீர் தரவில்லை.

வதந்தி பொய் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். கோடு கிழிக்கப்படவில்லை, பலகை நடப்படவில்லை. ஆனால் அந்த வாசலில் கொஞ்சநேரம் நின்றவன் அப்படி எழுத மாட்டான்.

நான் கிளம்பிய நாள் வெள்ளிக்கிழமை. பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் நின்றபோது அப்துல் ஹலீம் ஜும்ஆ முடிந்து வந்தார். கடைக்குள் போய், மூடிய தட்டோடு வெளியே வந்து, தம்பி வாசலில் நின்று, ஒரு சொல் கூட்டிச் சலாம் சொன்னார். தம்பி இரண்டு சொல் கூட்டிப் பதில் சொன்னார். மூடி திறந்தது, மூடியது. மேல் மாடி ஜன்னலில் ஒரு திரை விலகி விழுந்தது. அண்ணன் தட்டோடு தன் பக்கம் திரும்பிவிட்டார்.

வட்டி ஹராம் என்பதால் துண்டின் அளவை அவர் அன்றைக்கும் ஒரு நூல்கூடப் பெருக்கவில்லையாம்.